தோன்றல், திரிதல், கெடுதல்: நெட்டுக்குப்பத்து நட்டுகளை முன்வைத்து

புத்தி பேதலித்தவரை 'மரை கழன்றவர்' என்கிறோம். 'நட்டு கழண்ட கேஸ்' என்பது இதன் பாடபேதம். இவ்வழக்கை உண்டாக்கியவர் கடலுக்கு வெகுதூரத்தில், கரூர்ப் பக்கம் எங்கோ வாழ்ந்தவராக இருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. எண்ணூர் முகத்துவாரத்தில் ஒரு மழைக்காலம் பழைய கார் வைத்திருந்தவர், கழல்வதைப் போய்ப் பைத்தியத்துக்கு உவமை சொல்லியிருக்க மாட்டார். இங்கே பைத்தியம் பிடிப்பது மரை கழலாததால்தான்.

களம் எண்ணூர் நெட்டுக்குப்பம். பெயர்ப்பொருத்தம் பார்த்துத் தேர்ந்தெடுத்ததாகச் சிலர் ஐயுறலாம். 'நட்டுக்குப்பம்'தான் மருவி நெட்டுக்குப்பம் ஆயிற்று என்று நிறுவ எனக்கும் ஆசை உண்டு. ஓர் ஒற்றைக்கொம்பு குறுக்கே நிற்கிறது. மெய்யான காரணம், மாமனார் விட்டுச்சென்ற அம்பாசிடர் பின்பக்க ஸ்பிரிங் பட்டை உடைந்து அங்கேதான் உட்கார்ந்துவிட்டது. ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் கொசஸ்தலையாற்றுக் கழிமுகம். இரண்டு பக்கமும் உப்பு. நடுவில் இரும்பாகப் பிறந்தது எதுவும் நிம்மதியாக இருந்ததில்லை.

இத்தனைக்கும் இது காருக்குப் புதிய மண்ணல்ல. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில்தான் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டியது. 1955-இல் அது அசோக் லேலண்டு ஆயிற்று. போல்ட்டு முடுக்கும் கலைக்கு இந்தக் கரையில் முக்கால் நூற்றாண்டு வயது. முடுக்கியதற்கு வரலாறு எழுதினார்கள். கழற்றியதற்கு ஒரு துண்டுப்பிரசுரம்கூட இல்லை.

போல்ட்டும் நட்டும் சேர்வது புணர்ச்சி. இதற்கு இலக்கணம் தேடி மேல்நாட்டுக்குப் போக வேண்டியதில்லை, நன்னூலிலேயே இருக்கிறது. மாற்றமின்றிச் சேர்ந்தால் இயல்பு. இது ஷோரூமில் மட்டும் காணப்படும். மற்றெல்லாம் விகாரம். விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். பவணந்தியார் ஸ்பேனர் பிடித்தவராகத் தெரியவில்லை. ஆனாலும் வரிசையைக்கூடச் சரியாகச் சொல்லியிருக்கிறார்.

தோன்றல் என்பது துரு தோன்றுதல். இரண்டு உயிர்களுக்கு நடுவே யகரமும் வகரமும் உடம்படுமெய்யாக வந்து நிற்பதுபோல, மரைக்கும் மரைக்கும் நடுவே துரு வந்து நிற்கும். இரும்பு துருவானால் பழைய இடம் போதாது. இரண்டு மடங்குக்கும் மேல் பெருக்கும். மரையிடுக்கில் இருப்பதோ மயிரிழை இடைவெளி. அதற்குள் பெருத்தால் அதுவே ஆப்பு. உப்பு வேறு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு துருவுக்கு ஊட்டிவிடுகிறது.

திரிதல்தான் மனிதன் பங்களிக்கும் இடம். கல்லும் சிலையும் சேர்ந்து கற்சிலை ஆகையில் லகரம் றகரமாகத் திரிகிறது. போல்ட்டு மண்டையில் அறுகோணம் வட்டமாகத் திரிகிறது. பட்டறையில் இதற்கு 'மண்டை வழுக்கிடுச்சு' என்று பெயர். காரணம் அளவைக் குழப்பம். 1841-இல் விட்வொர்த் என்ற ஆங்கிலேயர் எல்லோருக்கும் ஒரே மரை என்று 55 பாகைக் கோணத்தை முன்மொழிந்தார். 1864-இல் அமெரிக்கரான செல்லர்ஸ் 60 பாகை என்றார். மீதியை மில்லிமீட்டர்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழிவந்த அம்பாசிடர் அங்குலக் கணக்கு. பிற்காலத்தில் அதற்கு ஜப்பானிய இசுசு எஞ்சினை வைத்தார்கள். எஞ்சின் மில்லிமீட்டர், அடிப்பாகம் அங்குலம். மணிப்பிரவாளத்தில் ஓடிய ஒரே கார் இதுவாகத்தான் இருக்கும்.

9/16 அங்குலம் என்பது 14.29 மில்லிமீட்டர். 14 ஸ்பேனர் நுழையாது. 15 நுழையும், ஆனால் ஆடும். படித்தவன் 15-ஐ எடுப்பான். நான் எடுத்தேன். ஸ்பிரிங் பட்டையின் யூ போல்ட்டு நட்டில் மாட்டி, பைப் செருகி நீளம் கூட்டி, மொத்த உடம்பையும் அதில் தொங்கவிட்டேன். மூலைக்கொரு வெள்ளிச் சீவல் உதிர்ந்தது. ஸ்பேனர் இனிமையாகச் சுற்ற ஆரம்பித்தது. நட்டு அங்கேயே இருந்தது.

கெடுதல் கொடியது. மரமும் வேரும் சேர்கையில் மகரம் சத்தமில்லாமல் கெடுகிறது. போல்ட்டு அப்படிக் கெடாது. முதலில் ஒரு 'கீச்'. நல்ல சகுனம். பிறகு பிடி இளகும். வெண்ணெய்போல வருகிறதே என்று மனம் குளிரும். அந்தக் குளிர்ச்சிதான் ஆபத்து. வருவது நட்டல்ல, போல்ட்டே ஜவ்வுமிட்டாய்போல முறுகிக்கொண்டிருக்கிறது. அடுத்தது 'டக்'. மண்டை கையில், உடல் உள்ளே.

முதல் நட்டைத் திரித்து, இரண்டாவதைக் கெடுத்த பிறகே மெக்கானிக் அண்ணனிடம் போனேன். வண்டிக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "எந்த மெக்கானிக் சார் கை வெச்சது?" என்றார். பதில் சொல்லாமல் டீ வாங்கப் போய்விட்டேன்.

அவர் முறையில் முதல் படி ஊறல். 1953-இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ஒரு சிறு கம்பெனி, ஈரத்தை விரட்டும் திரவத்தை நாற்பதாவது முயற்சியில் கண்டுபிடித்து அந்த எண்ணையே பெயரில் வைத்தது, அதுதான் டபிள்யூடி-40. அண்ணன் முதல் முயற்சியிலேயே டீசலைக் கண்டுபிடித்தவர். பழந்துணியை நனைத்து நட்டில் சுற்றி, "நாளைக்கு வா சார்" என்றார். எண்ணெய்க்கு இந்த ஊரில் பஞ்சமில்லை என்று எழுதக் கை வருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் வந்த எண்ணெய், இங்கே படகையும் வலையையும் கறுப்பாக்கி, பிழைப்பையும் நிறுத்தியது. ஒரு துருப்பிடித்த நட்டும் அதனால் கழன்றதாகத் தகவல் இல்லை.

இரண்டாம் படி சூடு. எஃகு நூறு டிகிரிச் சூட்டுக்கு மீட்டருக்குச் சுமார் 1.2 மில்லிமீட்டர் விரியும். நட்டளவுக்கு அது ஒன்றுமில்லாத கணக்கு, ஆனால் துரு நொறுங்க அது போதும். கேஸ் வெல்டிங் நெருப்பை நட்டின் மேல் மட்டும் காட்டினார், போல்ட்டுக்குக் காட்டவில்லை. நட்டு செர்ரிப்பழ நிறத்துக்கு வந்ததும் பக்கவாட்டில் சுத்தியலால் இரண்டு தட்டு. பிறகு ஸ்பேனர். வந்தது. மண்டை வழுக்கியதன் மேல் பெரிய நட்டு ஒன்றை வைத்து வெல்டிங் அடித்து, புது மண்டை கொடுத்துத் திருகினார். அதுவும் வந்தது. கடைசி ஒன்று எதற்கும் மசியவில்லை. உளி வைத்துப் பிளந்தார்.

புறனடை: பழைய லாரிகள் சிலவற்றில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் இடது மரை. அவற்றை வழக்கமான திசையில் கழற்ற முயல்பவர் உண்மையில் முடுக்கிக்கொண்டிருக்கிறார். இவ்வகையில் நானும் பக்கத்து லாரிக்கு ஒரு மணி நேரம் உதவியிருக்கிறேன்.

புதுப்பேட்டையில் வாங்கிய யூ போல்ட்டுகளை அண்ணன் மாட்டிக்கொண்டிருந்தார். ஆய்வு முடிவை நடைமுறைப்படுத்தும் ஆர்வத்தில், "மரைல கொஞ்சம் கிரீஸ் தடவுங்கண்ணே, அடுத்த வாட்டி சுலபமா கழட்டலாம்" என்றேன்.

அவர் கடைசி முடுக்கை முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

"வோணாம் சார். சுலபமா வந்துச்சுன்னா நீயே கயட்டிடுவே."