ஸ்பாவில் ஒரு மாப்

பெறுநர்: எங்கள் அடுக்ககத்தைக் கட்டி, விற்று, இன்றும் பராமரித்துவரும் பெருமதிப்புக்குரிய நிறுவனத்தார்

பொருள்: மாப் ஒன்றுக்கு இடம் ஒதுக்கித் தர வேண்டுதல் தொடர்பாக

பெருந்தகையீர்,

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, பி பிளாக் மூன்றாம் மாடிக் காரிடாரில் சுவரோரமாகச் சாய்ந்து நின்ற மாப் ஒன்றைத் தங்கள் மேற்பார்வையாளர் படம்பிடித்தார். அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டார். ‘சுகாதாரக் கேடு. அபராதம் ரூ.500. துப்புரவுப் பொருட்களை அவரவர் குளியலறையிலேயே வைக்கவும்’ என்று எழுதி, குடியிருப்போர் அத்தனை பேரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அந்த மாப்பின் உரிமையாளரே இந்த மனுதாரர். படத்தின் ஓரத்தில் அவருடைய ரப்பர் செருப்பும் விழுந்திருக்கிறது. அதற்குத் தனி வட்டம் போடாத பெருந்தன்மைக்கு முதற்கண் நன்றி. பத்து நிமிடத்தில் பதினோரு பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள். எதிர்வீட்டு மாமியும்தான். மாமியின் மாப் அந்நேரம் மாடிப்படிக்கு அடியில் பதுங்கியிருந்தது.

மனுதாரர் வீடு வாங்கியபோது தாங்கள் தந்த வழவழப்பான கையேட்டில் அந்தக் குளியலறையின் பெயர் ‘ஸ்பா அனுபவம்’. படத்தில் சுருட்டி அடுக்கிய வெள்ளைத் துண்டுகள், ஓர் ஆர்க்கிட் பூ, மூன்று மெழுகுவத்தி. வாளி இல்லை. மக் இல்லை. அந்த ஸ்பாவில் குளித்தவர் எதில் மொண்டு குளித்தார் என்பது இன்றுவரை விளங்கவில்லை.

கழிப்பறையும் சேர்ந்த குளியலறை 2.8 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. சுமார் முப்பது சதுர அடி. மனுதாரர் டேப் பிடித்து அளந்தார்: ஏழடி எட்டங்குலம் நீளம், நாலடி அகலம். குறைந்தபட்சம் என்று எழுதியிருப்பதை அதிகபட்சம் என்று வாசித்த தங்கள் பொறியாளரின் கண்ணுக்குச் சுற்றிப்போட வேண்டும். இதற்குள் கமோடு, வாஷ்பேசின், கீசர், இரண்டு வாளி, தண்ணீர் லாரி வராத நாளுக்கென்று ஒரு ட்ரம், நான்கு பேரின் சோப்பு, ஷாம்பு, பிரஷ். இப்போது தங்கள் ஆணைப்படி மாப்.

பிரஷ் கதையைக் கேளுங்கள். 2022 டிசம்பரில் வெளியான ஓர் ஆய்வுக்காக, அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஜான் கிரிமால்டி குழுவினர், மூடியில்லாத கமோடில் ஃப்ளஷ் செய்து, பச்சை லேசர் பாய்ச்சிப் படம்பிடித்தார்கள். கண்ணுக்குத் தெரியாத துளிகள் எட்டே நொடியில் கமோடுக்கு மேல் ஒன்றரை மீட்டர் எழும்பின. தங்கள் ஸ்பாவில் பிரஷ் வைக்கும் தட்டு கமோடிலிருந்து இரண்டடி. மூடிவிட்டு ஃப்ளஷ் செய்யலாமே என்பீர்கள். மனுதாரர் செய்கிறார். ஆனால் மூடி போட்டாலும் வைரஸ் பரவுவது பெரிதாகக் குறையவில்லை என்று 2024இல் அரிசோனா பல்கலைக்கழக ஆய்வு சொல்லிவிட்டது. சரி, பிரஷையாவது மூடிவைக்கலாம் என்றால், அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் வேண்டாம் என்கிறது. மூடிய ஈரத்தில் கிருமி பெருகுமாம், நிற்கவைத்துக் காற்றில் காயவிட வேண்டுமாம். ஆகவே நான்கு பிரஷ்களும் இப்போது சமையலறை ஜன்னலில், கறிவேப்பிலைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கின்றன. ஸ்பாவிலிருந்து முதலில் குடிபெயர்ந்தவை அவைதான்.

காற்று என்றதும் நினைவுக்கு வருகிறது. ஸ்பாவுக்கும் ஒரு வென்டிலேட்டர் உண்டு. அது டக்ட்டுக்குள் திறக்கிறது. டக்ட்டில் இருப்பவை நான்கு மாடிக் கழிவுக் குழாய்களும் புறாக்களும்.

ஈரம் காயாததால், தரையிலிருந்த ஷாம்பு பாட்டிலைத் தூக்கினால் அடியில் இளஞ்சிவப்பு வளையம். ஸ்பாவின் வண்ணத் தேர்வு என்றுதான் மனுதாரரின் மனைவி முதலில் நினைத்தார். அது அநேகமாக செராட்டியா மார்செசன்ஸ் என்னும் பாக்டீரியா. சோப்பு, ஷாம்பு மிச்சத்தைத் தின்று வளர்வது. 1819இல் இத்தாலியின் பதுவா பக்கம் மக்காச்சோளக் களி ரத்தச் சிவப்பாகி ஊரே நடுங்கியபோது, பார்ட்டோலோமியோ பிட்சியோ என்ற மருந்தாளுநர் அது பேய் வேலை அல்ல, இதே நுண்ணுயிரின் வேலை என்று காட்டினார். தங்கள் ஸ்பாவில் பேய்க்கும் இடமில்லை என்பது வேறு விஷயம்.

மிச்சமிருந்தது ஒரே மூலை. அங்கே டாய்லெட் கிளீனரும் பிளீச்சிங் பவுடரும் தோளோடு தோள் நின்றன. முன்னது அமிலம். இரண்டும் கலந்தால் கிளம்புவது குளோரின் வாயு, அதுவும் காற்றே நுழையாத முப்பது சதுர அடிக்குள். ஆறு வயதுப் பிள்ளை குளிக்கும் அறை அது! வரைபடம் போட்ட அன்று, கைக்கெட்டாத உயரத்தில் ஒரு முழத்துக்கு ஒரு மாடம் விட வேண்டும் என்று உங்களில் ஒருவருக்குமா தோன்றவில்லை? காரிடாரையும் சேர்த்துத்தானே சூப்பர் பில்ட்-அப் என்று காசு வாங்கினீர்கள்? அந்த மாப் நின்ற ஒரு சதுர அடிக்கும் இந்த மனிதர் மாதாமாதம் இஎம்ஐ கட்டுகிறார். அவர் இடத்தில் அவர் மாப் நின்றதற்கு அவரிடமே அபராதமா?

மன்னிக்க வேண்டும். ஸ்பாவில் குரலை உயர்த்தக் கூடாது.

கொக்கியில் மாட்டலாமே என்று கேட்பீர்கள். டைல்ஸில் டிரில் போட்டால் வாட்டர்ப்ரூஃபிங் வாரண்டி போய்விடும் என்று சாவி கொடுத்த அன்றே தாங்கள் கையெழுத்து வாங்கியிருக்கிறீர்கள். அதனால் ஒட்டும் கொக்கி வாங்கினார். போர் தண்ணீரின் உப்பு படிந்த டைல்ஸில் அது மூன்று நாள் ஒட்டியது. நாலாம் நாள் நள்ளிரவில் மாப் விழுந்த சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்தார். பிறகுதான் வினிகரால் உப்பைத் தேய்த்து, துடைத்து, நன்றாகக் காயவிட்டு ஒட்டினார். இப்போது அந்தக் கொக்கி நிற்கிறது. மாப்பின் பாரத்தைத் தாங்காது, ஒரு வலைப்பையைத் தாங்குகிறது. சோப்பும் ஷாம்புவும் அதில் தொங்குகின்றன. பதினேழு பாட்டில்கள் ஆறாகிவிட்டன. பிளீச்சிங் பவுடர் பால்கனிப் பரணுக்குப் போனது. ட்ரம்மை வாரம் ஒருமுறை காலிசெய்து உட்சுவரைத் தேய்க்கிறார்; ஏடிஸ் கொசுவின் முட்டை அங்கே ஒட்டிக்கொண்டு காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும்.

மாப்புக்குத்தான் வழியில்லை. மொட்டைமாடியில் வெயில் வீணாகக் காய்கிறது. அதன் சாவி தங்கள் மேற்பார்வையாளர் இடுப்பில். அங்கே ஒரு கொடி, நாலு கொக்கி, காலையில் இரண்டு மணி நேரம் திறந்த கதவு. மனுதாரர் கேட்பது இவ்வளவுதான். கையேட்டின் அடுத்த பதிப்பில் இதற்கு ‘சூரிய ஸ்பா’ என்று பெயர் வைத்துக்கொள்ளவும் அவருக்கு ஆட்சேபணை இல்லை.

அபராதம் ரூ.500 கட்டியாகிவிட்டது. மாப் இப்போது ஸ்பாவுக்குள், கமோடுக்கும் சுவருக்கும் நடுவே தலைகீழாக நிற்கிறது. ஐந்து நாளாகியும் காயவில்லை.

இப்படிக்கு,
மனுதாரர்,
பி பிளாக், மூன்றாம் மாடி