பாவும் பயிற்சியாளரும்

கே: காலித் ஜமில் இந்தியக் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளராக வந்தபோது, "தற்காப்பில் கெட்டி, பழைய ரெக்கார்டைப் பாருங்கள்" என்றார்களே, ரெக்கார்டை நம்பலாமா?
(வாசகர், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்)

ப: 2017இல் ஐசாலை ஐ-லீக் சாம்பியனாக்கியவர், பொய்யில்லை. 2025 ஆகஸ்டில் பொறுப்பேற்றார். காஃபா கோப்பையில் ஓமனை பெனால்டியில் சாய்த்து மூன்றாமிடம். ஆஹா என்பதற்குள், அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2. ஆசியக் கோப்பை போச்சு!

நம்ம சென்னையின் எஃப்.சி.க்கு 2015இல் ஐ.எஸ்.எல். கோப்பை வாங்கித் தந்த பயிற்சியாளர் மாடெராசி, உலகக் கோப்பையே வென்ற தடுப்பாட்டக்காரர். மறுவருஷம்? ஏழாமிடம். ஒரு பயிற்சியாளரின் ரெக்கார்டைப் பார்க்கையில், அப்போது அவர் கையில் யார் யார் இருந்தார்கள் என்றும் பார்க்கணும். பாவு நைந்திருந்தால் தறியில் யார் உட்கார்ந்து என்ன, உங்க ஊருக்கா சொல்லணும்?

அது கிடக்கட்டும். 2024 ஜூனில் இந்தியப் பயிற்சியாளர் ஸ்டிமாச்சை நீக்கினார்கள், அடுத்து வந்த மார்க்கெஸ் ஒரு வருஷம், இப்போது இவர். ஆளெடுக்கும் சம்மேளனத்தின் ரெக்கார்டையும் கொஞ்சம் புரட்டுங்களேன்!