முட்டை லோடு மட்டும்தானுங்க

"எட்டு மணிக்கு வர்றோம்னு போன்ல சொல்லிப்போடு. ஏழுக்கே அங்க போய் நிக்கோணும்."

பழைய லாரி வாங்கக் கிளம்புகிறவர்களுக்கு வண்டி மாமா இடும் முதல் கட்டளை இது. வண்டிக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு "வாங்க, வாங்க" என்று ஓடி வருவதற்குள் மாமா கேபினுக்கு அடியில் கையை விட்டு இன்ஜினைத் தொட்டுப் பார்த்துவிடுவார். வயிற்றுவலி என்று பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிற பையனின் நெற்றியை அம்மா தொட்டுப் பார்ப்பாளே, அதே பதம். சூடு தட்டுப்பட்டால் முகம் மாறும். "காய்ச்சல் அடிக்குது. விடியறதுக்கு முந்தியே எழுப்பி ஓட்டி வெச்சிருக்காங்க. ராத்திரி பூரா ஆறிக் கிடந்த இன்ஜின் எத்தனை செல்ஃபுக்கு எந்திரிக்குதுன்னு நம்ம கண்ணுல காட்டக் கூடாதாமா."

நாமக்கல் பாடி கட்டுகிற ஊர். சங்ககிரி லாரி ஊர். திருச்செங்கோடு போர்வெல் வண்டி ஊர். இந்த மூன்றுக்கும் நடுவில் எந்த டீக்கடையில் விசாரித்தாலும் ஒரு வண்டி மாமாவைக் கை காட்டுவார்கள். அறுபது தாண்டிய வயது, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. மஞ்சப்பையில் ஒரு சின்னச் சுத்தி, டார்ச் லைட், மூக்குக் கண்ணாடி. பெயர் யாருக்கும் தெரியாது. பெண்டாட்டி உட்பட ஊரே மாமா என்கிறது. அவருடைய தாத்தா மாட்டுத் தரகர். வாயைப் பிளந்து பல்லை எண்ணி வயசு சொல்வார். சுழி பார்த்து ராசி சொல்வார். பேரன் காலத்தில் மாட்டுக்கு ஆறு சக்கரம் முளைத்துவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மாமா வந்து இறங்குவது மட்டும் டி.வி.எஸ். 50-இல். அதுவும் ஷோரூமிலிருந்து புத்தம் புதிதாக எடுத்தது. "நீங்க ஏன் மாமா செகண்ட்ஸ்ல ஒண்ணு எடுக்கலை?" என்று கேட்டேன். "அடுத்தவன் ஓட்டின வண்டியை எவன் தம்பி நம்புவான்?" என்றார்.

என் மச்சான் பழைய ஆறு சக்கர வண்டி ஒன்று எடுக்கலாம் என்று மாமாவைக் கூப்பிட்டபோது நானும் கூடவே தொற்றிக்கொண்டேன். வண்டி வாசலில் மாலையும் எலுமிச்சம்பழமுமாக நின்றது. மாமா அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. மச்சானுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாமா வண்டிக்காரரிடம், "நேத்து எங்க நிறுத்தியிருந்தீங்க?" என்று கேட்டார். வேப்பமரத்தடியைக் காட்டினார்கள். அங்கே போய்ப் பார்த்தால், மண் தலைக்கு எண்ணெய் வைத்ததுபோல மினுமினுத்தது.

பிறகு வண்டிக்குப் பின்னால் இருபது அடி தள்ளிக் குந்தி உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டார். எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, சேஸ் நேராக ஓடுகிறதா, முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று கொத்தனார் சுவர் பார்ப்பதுபோலப் பார்த்தார். எழுந்து வந்து சேஸை விரலால் தடவினார்.

"சேஸுக்கு எதுக்குங்க புதுப் பெயின்ட்டு?"

"ஆயுத பூஜைக்கு அடிச்சதுங்க."

"இது ஆடி மாசமுங்க."

வண்டிக்காரர் வானத்தைப் பார்த்தார். சேஸ் உடம்புக்கு முதுகெலும்பு. அதில் வெடிப்பு விட்டு வெல்டிங் வைத்திருந்தால், வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடியும் விடும். பெயின்ட்டுக்கு அடியில் ஒளிந்திருப்பது வெறும் துருவா, வெல்டிங்கா என்று மாமா நகத்தால் சுரண்டிப் பார்த்துத் துருதான் என்று விடுதலை கொடுத்தார். ஸ்பிரிங் பட்டைகளை ஒவ்வொன்றாகச் சுத்தியால் தட்டினார். சந்தையில் பானையைச் சுண்டிப் பார்க்கிற பாட்டிகளின் சங்கீத ஞானம் அது. நல்ல பட்டை 'ணங்' என்னும். விரிசல் விட்டது 'தொப்' என்னும். ஒரு பட்டை 'தொப்' என்றது.

இந்த இடத்தில்தான் வண்டிக்காரர் அந்த மந்திரத்தைச் சொன்னார்: "முட்டை லோடு மட்டும்தானுங்க ஏத்தினது. நாமக்கல்ல ஏத்திக் கேரளாவுல இறக்கறது. பூ மாதிரி ஓடின வண்டி."

எங்கள் வட்டாரத்தில் விலைக்கு வருகிற வண்டி எதுவும் முட்டையைத் தவிர வேறொன்றை ஏற்றியதே இல்லை. அப்படியானால் இங்கே எழும்பியிருக்கிற வீடுகளுக்கெல்லாம் ஜல்லியும் செங்கல்லும் நடந்தே வந்திருக்க வேண்டும். மாமா ஒன்றும் பேசாமல் பாடிக்குள் ஏறினார். மூலையில் பலகை இடுக்கில் நகத்தை விட்டு எடுத்து, விரல் நுனியை வண்டிக்காரரிடம் நீட்டினார். சாம்பல் நிறத் தூள்.

"ஏனுங்க, உங்க ஊர்க் கோழி சிமென்ட் திங்குதுங்களா?"

அடுத்து டயர். பின்னால் ஒரு பக்கத்துக்கு இரண்டிரண்டு. வெளி டயரில் பட்டன் அழகாக இருக்கும், உள் டயர் மொட்டை அடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மாமா டார்ச்சுடன் அடியில் புகுந்து உள்ளே இருப்பதைத்தான் முதலில் பார்த்தார். சட்டம் 1.6 மில்லிமீட்டர் பட்டன் போதும் என்கிறது. மாமாவின் கட்டைவிரல் அதைவிடக் கறார். டயரின் பக்கவாட்டில் அச்சடித்த நான்கு இலக்கத்தைத் தேடிப் பிடித்து, "2319-னு இருக்கு. 2019-ல 23-வது வாரம் பொறந்தது. ஜாதகம் இங்கயே இருக்குது, யாரும் படிக்கிறதில்லை" என்றார். முன் டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தது. அதற்குப் பரிகாரம் டயரில் இல்லை. அலைன்மென்ட்டிலோ கிங் பின்னிலோ இருக்கிறது.

கேபினில் ஏறியதும் மீட்டரைத் துண்டால் மூடிவிட்டார். அது காட்டுகிற கிலோமீட்டரைத் திருப்பி வைக்க ஆள் உண்டு; கிளட்ச் பெடல் ரப்பரின் தேய்மானத்தைத் திருப்ப ஆள் கிடையாது. "ரப்பர் புதுசா இருந்தா?" என்றேன். "அப்ப வேற என்னென்ன மாத்தினான்னு தேடோணும்" என்றார். பி.எஸ். 6 வண்டிகள் வந்த பிறகு மாமாவின் சுத்திக்குக் கொஞ்சம் மவுசு குறைந்திருக்கிறது. சென்சாரைத் தட்டினால் சத்தம் வராதே. ஆனாலும் அதற்கும் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்: "சாவியைத் திருப்பினதும் எச்சரிக்கை லைட்டெல்லாம் ஒருக்கா எரிஞ்சு அணையோணும். எரியற லைட்டைப் பார்த்து எல்லாரும் பயப்படறாங்க. எரியவே எரியாத லைட்டுக்குத்தான் பயப்படோணும்."

இன்ஜினை முடுக்கியதும் எல்லாரும் சத்தத்தைக் கேட்டோம். மாமா பின்னால் போய்ப் புகையைப் பார்த்தார். கறுத்தால் டீசல் வீணாகிறது, நீலம் பாரித்தால் ஆயில் எரிகிறது, வெளுத்தது வெளுத்தபடியே நின்றால் இன்ஜினுக்குள் தண்ணீர் போகிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையை வைத்தார். குப் குப் என்று அடித்தால் பேக் கம்ப்ரஷன். நெஞ்சில் சளி கட்டியவன் மூச்சு மாதிரி. ஆயில் குச்சியை உருவி விரலில் தேய்த்து மோந்து பார்த்தார். பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். நக்கிப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன், பார்க்கவில்லை.

ஓட்டிப் பார்க்க மச்சான் குதித்து ஏறினான். மாமா தடுத்தார். "காலி வண்டி கல்யாணத்துக்கு நிக்கிற மாப்பிள்ளை. லோடு ஏத்தினாத்தான் குடும்பஸ்தன் குணம் தெரியும்." பக்கத்துக் கல் குவாரியில் சொல்லி லோடு ஏற்ற வைத்தார். மேட்டில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கியர் கழன்று விழுகிறதா, கிரவுன் ஊளையிடுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டார். திரும்பி வந்து இன்ஜினை நிறுத்தி எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். எங்கோ 'உஸ்' என்றது. பிரேக் காற்று கசிகிற சத்தம். ஏர் மீட்டர் முள் மெல்ல இறங்கியது. "இதோட தொப்பூர் இறக்கத்துல போனா, வண்டி நம்மளைக் கேக்காமலேயே இறங்கிரும்."

காகிதங்களுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டார். சேஸ் நம்பரின் பதினேழு எழுத்தின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, ஆர்.சி. புத்தகத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். ஃபைனான்ஸ் கடன் அடைந்ததற்கு என்.ஓ.சி.யும் படிவம் 35-ம், பாக்கி வரி, செலான், இன்சூரன்ஸ். வண்டிக்கு 8 வயது வரை எஃப்.சி. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருஷா வருஷம். ஆறு சக்கர வண்டிக்கு நேஷனல் பர்மிட் 12 வயதோடு சரி. அச்சு கூடின பெரிய வண்டிக்கு 15. "வயசைப் பார்த்து விலை பேசோணும். மாடு இளைச்சாத் தீவனம் போட்டுத் தேத்திரலாம், வயசைத் தேத்த முடியாது."

எல்லாவற்றுக்கும் கடைசியாக, முக்கில் பீடி பிடித்துக்கொண்டிருந்த பழைய டிரைவரை டீக்கடைக்கு அழைத்துப் போனார். "வண்டி எப்படி?" என்று கேட்கவில்லை. "நீங்க ஏன் நின்னுட்டீங்க?" என்றார். இரண்டு டீயில் வண்டியின் சரித்திரம் முழுக்க வந்துவிட்டது.

மாமா மச்சானிடம் விரல் மடக்கிப் பதினான்கு குறை சொன்னார். மச்சான் ஒவ்வொன்றுக்கும் பக்தியோடு தலையாட்டினான். முடிந்ததும், "எல்லாஞ் சரிங் மாமா. முன்னாடி நம்ம குலதெய்வம் பேரு எழுதியிருக்குது பார்த்தீங்களா?" என்றான்.

மாமா பெருமூச்சு விட்டார். தோளிலிருந்து துண்டை எடுத்து வண்டிக்காரரின் கை மேல் போட்டு, தாத்தா மாதிரியே துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பேசி, பதினான்கு குறைகளையும் விலையில் கழித்தார். காசு வாங்க மாட்டார், ஒரு சாப்பாடு. இலையில் உட்கார்ந்தபோது என் காதோடு சொன்னார்: "இவன் வாசல்ல கால் வெச்சப்பவே முடிவு பண்ணிட்டான் தம்பி. எல்லாருமே அப்படித்தான். என்னைக் கூட்டிட்டு வர்றது பார்க்கறதுக்கு இல்லை, பின்னால ஏசறதுக்கு."

அது அப்படியே பலித்தது. வாடகை கிடைத்த மாதங்களில் அது மச்சான் ராசி பார்த்து எடுத்த வண்டி. கிளட்ச் பிளேட் எரிந்து வழியில் நின்ற அன்று, "எல்லாம் மாமா பார்த்த வண்டி" ஆகிவிட்டது. மூன்று வருஷம் ஜல்லி, சிமென்ட், இரும்புக் கம்பி என்று ஒன்றை விடாமல் ஏற்றினான்.

போன மார்கழியில் அதை விற்க முடிவு செய்தான். சேஸுக்குப் பெயின்ட், பெடலுக்குப் புது ரப்பர், வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக் கோலம். பள்ளிபாளையத்திலிருந்து பார்ட்டி எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆறரைக்கே வாசலில் டி.வி.எஸ். 50 சத்தம். பார்ட்டியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வந்து இறங்கியவரைப் பார்த்ததும் மச்சானுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

"வா...வாங்க மாமா. முட்டை லோடு மட்டும்தானுங்க..."

மாமா பதில் சொல்லவில்லை. குனிந்து கேபினுக்கு அடியில் கையை விட்டார். வெடுக்கென்று எடுத்து, விரலை ஊதிக்கொண்டே மச்சானைப் பார்த்தார்.

"காய்ச்சல் அடிக்குதே, மாப்ளே?"

பனியில் எதிர்வீடே தெரியவில்லை. மச்சான் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"வெயிலுங் மாமா," என்றான்.