ஷ்ராப்ஷையர் மைனர்

ஜான் மிட்டன் பிறந்தது 1796-ல். இரண்டு வயதில் அப்பா போய்ச் சேர, இங்கிலாந்தின் ஷ்ராப்ஷையரில் இருந்த ஹால்ஸ்டன் மாளிகையும் ஆண்டுக்குச் சுமார் 10,000 பவுண்டு வருமானமும் தொட்டிலுக்கே வந்து சேர்ந்தன. எஜமான் வளரட்டும் என்று சொத்து பொறுமையாகக் காத்திருந்தது. வளர்ந்தார், உயரத்தில்.

வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் வாத்தியாரோடு கைகலப்பு. ஒரே வருஷத்தில் சீட்டைக் கிழித்தார்கள். அடுத்து ஹாரோ. மூன்று பருவம் தாக்குப்பிடித்தது, பள்ளிக்கூடம். பிறகு வீட்டோடு வைத்துப் பாடம் சொல்ல வந்த ஒருவர் ராத்திரி தூங்கப் போனால், படுக்கையறையில் குதிரை நிற்கிறது. கேம்பிரிட்ஜ் படிப்புக்கு மைனர் செய்த முன்னேற்பாடு 2,000 புட்டி போர்ட் ஒயின் என்பார்கள். பட்டம் மட்டும் வாங்கவில்லை.

காசு இருக்கிறது, படிப்பு ஏறவில்லை. அரசியலுக்கு வேறென்ன தகுதி வேண்டும்? 1819-ல் ஷ்ரூஸ்பரி தொகுதியில் நின்றார். ஓட்டுக்குப் பத்துப் பவுண்டு நோட்டு, மொத்தச் செலவு 10,000 பவுண்டு. ஜெயித்து நாடாளுமன்றம் போனவர் அரை மணி நேரம் உட்கார்ந்தார். ‘அறுவை’ என்று எழுந்து வந்தவர் அந்தப் பக்கம் மறுபடி தலைவைத்தும் படுக்கவில்லை.

ஒருநாள் மைனர் ஓட்டிய வண்டியில் வந்த நண்பர், “நான் ஏறிய வண்டி இதுவரை கவிழ்ந்ததே இல்லை” என்று வாயைக் கொடுத்தார். அந்தக் குறையை மைனர் அப்போதே தீர்த்துவைத்தார்: சக்கரத்தை வேண்டுமென்றே கரைமேட்டில் ஏற்றிக் கவிழ்த்தார். இருவரும் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். 1826-ல் லெமிங்டன் ஸ்பா ஓட்டல் ஒன்றில் பந்தயத்துக்காகக் குதிரையோடு மாடிப்படி ஏறி, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தலைக்குமேல் தாவி வெளியேறினாராம். விருந்தாளிகள் நடுவே கரடிமேல் சவாரி வந்து குதிமுள்ளால் குத்தியபோது, அது காலைக் கடித்ததோடு விட்டது. ஒவ்வொரு தடவையும் அதிர்ஷ்டம் காப்பாற்றித் தொலைத்தது. அதனால்தான் புத்தி வர வழியே இல்லாமல் போயிற்று.

குந்தித் தின்றால் குன்றும் கரையும். இவர் குதிரையேறித் தின்றவர். எஸ்டேட் மேனேஜர் கணக்குப் பார்த்து, “ஆறு வருஷம், வருஷத்துக்கு ஆறாயிரத்தில் குடித்தனம் நடத்தினால் சொத்து தப்பிக்கும்” என்று சொல்லியனுப்பினார். ஆறாயிரத்தில் வாழ்வதும் ஒரு வாழ்வா என்றார் மைனர்.

கடைசியில் கடன்காரர்களுக்குப் பயந்து பிரான்சின் காலே நகருக்கு ஓட்டம். அங்கே ஓர் இரவு விக்கல். பயமுறுத்தினால் நின்றுவிடும் என்று மெழுகுவத்தியை எடுத்துத் தான் போட்டிருந்த சட்டைக்கே தீ வைத்துக்கொண்டார். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். பக்கத்திலிருந்தவர்கள் உருட்டிப் புரட்டி அணைத்தார்கள். விக்கல் போய்விட்டது என்று வெற்றி முழக்கமிட்டுவிட்டுக் காயத்தோடு படுக்கப் போனார்.

பிறகு இங்கிலாந்துக்குத் திரும்பி மாட்டிக்கொண்டார். 1834-ல் லண்டனில் கடனாளிகளை அடைக்கும் சிறையில் 37 வயதில் முடிந்தது ஆட்டம். பதினைந்தே வருஷத்தில் கரைந்தது ஐந்து லட்சம் பவுண்டு என்கிறது ஒரு கணக்கு. வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் நண்பர் சார்லஸ் அப்பர்லி. அவரும் கடனுக்குப் பயந்து காலேக்கு ஓடி வந்தவர்தான். சிக்கனத்தின் அருமையை எடுத்துச் சொல்ல அவரைவிடத் தகுதியான ஆள் கிடைப்பாரா?