முன் அனுமதியின்றிச் சிரிக்கக் கூடாது

நியூயார்க், 2019 ஆகஸ்ட். ஒரு சின்ன நகைச்சுவை அரங்கு. அட்லாண்டாவிலிருந்து ஒரு குழு வந்து ‘வேப்’ என்று நாடகம் போடுவதாக ஏற்பாடு. ‘கிரீஸ்’ என்ற பேர்பெற்ற இசை நாடகத்தை நையாண்டி செய்யும் நாடகம். நம்மூரில் கிரீஸ் என்றால் மெக்கானிக் ஷெட்டில் இருக்கும் டப்பா. அங்கே 1950-களின் பையன்கள் தலைக்குத் தடவிய பசை. அந்தப் பசை போய், இந்தக் காலத்துப் பிள்ளைகள் இழுக்கும் மின்சிகரெட் வந்திருக்கிறது. கிண்டல் பெயரிலேயே தெரிகிறது.

நாடகம் நடக்கவில்லை. ரசிகர்கள் வருவதற்கு முன்னால் வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது. ‘கிரீஸ்’ உரிமைக்காரர்கள் அனுப்பியது. அரங்குக்காரர் என்ன செய்வார்? விளக்கை அணைத்தார்.

குழு கோர்ட்டுக்குப் போனது. 2022 மே 12 அன்று தீர்ப்பு வந்தது. ‘வேப்’ நையாண்டிதான். அனுமதியில்லாமல் எடுத்தாளச் சட்டம் இடம் கொடுக்கும் ‘நியாயமான பயன்பாடு’தான். காப்புரிமை மீறல் எதுவும் இல்லை. போய் நடத்திக்கொள்ளலாம்.

இரண்டு வருஷம், ஒன்பது மாதம். ஒரு ஜோக்குக்கு.

வெற்றி பெற்ற நாடகத்தைச் சின்ன மேடை கேலி செய்யலாமா என்று இன்னும் பட்டிமன்றம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு அணிக்குக் கலையின் புனிதம். எதிரணிக்குக் கலைஞனின் சுதந்திரம். நடுவர் கடைசியில் எழுந்து, இரண்டும் வேண்டும், அளவோடு வேண்டும் என்று சொல்லிவிட்டுச் சால்வையை மடித்துக்கொண்டு போவார். பட்டிமன்றத்துக்கு இதில் என்ன இருக்கிறது? அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1994-லேயே பதில் சொல்லிவிட்டது. ராய் ஆர்பிசனின் புகழ்பெற்ற பாட்டு ஒன்றை ‘2 லைவ் க்ரூ’ என்ற ராப் குழு கண்டபடி கேலி செய்திருந்தது. ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள்: காசுக்காகச் செய்தாலும் நையாண்டி நியாயமான பயன்பாடாக இருக்கலாம்.

ஆக, சட்டம் தெரியாமல் யாரும் நோட்டீஸ் அனுப்புவதில்லை. தெரிந்துதான் அனுப்புகிறார்கள். ஜெயிப்பதற்காக அனுப்புவதுமில்லை. நோட்டீஸ் வந்தாலே போதும். வேலை முடிந்தது.

கணக்கு எளிது. நியூயார்க்கின் பெரிய அரங்குகளான பிராட்வே என்றால் 500 நாற்காலிக்கு மேல். சின்ன மேடை என்றால் 99-க்குள். அந்த 99 நாற்காலியும் நிரம்பினாலும் வாடகை, விளக்கு, நடிகர்களுக்கு ஏதோ ஒரு தொகை என்று போக மிஞ்சுவது டீச் செலவு. வேண்டுமென்றே காப்புரிமையை மீறியதாகத் தீர்ப்பானால் ஒரு படைப்புக்கு 1,50,000 டாலர் வரை தண்டம் போட அமெரிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இந்த எண்ணை நோட்டீஸில் ஒரு வரியாக எழுதினால் போதும். 99 நாற்காலிக்காரர் படுதாவை இழுத்துக்கொண்டு படுத்துவிடுவார். அப்புறம் சட்டம் அவர் பக்கமா, எதிர்ப்பக்கமா என்பதெல்லாம் கல்லூரியில் பாடம் எடுக்க உதவும்.

இப்போது நோட்டீஸ் கொடுத்த புண்ணியவான்களின் பூர்வீகத்தைப் பார்ப்போம்.

‘கிரீஸ்’ எங்கே பிறந்தது? பிராட்வேயிலா? சிகாகோவில். 1971-இல். கிங்ஸ்டன் மைன்ஸ் என்ற சின்ன அரங்கில். அது பழைய டிராம் வண்டிக் கொட்டகை. ஜிம் ஜேக்கப்ஸ், வாரன் கேசி என்ற இரண்டு பேர் எழுதினார்கள். அதில் இருந்த சரக்கு என்ன? 1950-களின் ராக் அண்ட் ரோல் பாட்டுகளின் போலிகள். அந்தக் காலத்து இளவட்டப் படங்களின் கேலி. சாண்ட்ரா டீ என்று ஒரு நடிகை, உத்தமப் பெண் வேடங்களுக்குப் பேர் போனவர், அப்போது உயிரோடு இருந்தவர். அவரைப் பெயர் சொல்லிக் கிண்டல் செய்ய ஒரு முழுப் பாட்டு. டிராம் கொட்டகையில் உட்கார்ந்து ஊரையும் உலகையும் நக்கல் செய்தவர்கள், அடுத்த வருஷமே நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தார்கள். 1978-இல் சினிமாவாகவும் வந்து கல்லாவை நிரப்பியது. நியாயமான நக்கல். நல்ல நக்கல். யாரும் குறை சொல்லவில்லை.

கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் கழித்து, வேறொரு சின்னக் கொட்டகையில் நாலு பேர் அதே காரியத்தைச் செய்தால் அது திருட்டு. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

‘வேப்’ அப்படி என்னதான் கேட்டது? ‘கிரீஸ்’ கதையைப் பார்த்தவர்களுக்கு முடிவு நினைவிருக்கும். நல்ல பெண்ணாக வந்தவள் கடைசிக் காட்சியில் தலைகீழாக மாறி, இறுக்கமான உடையும் உதட்டில் சிகரெட்டுமாக வந்து நிற்பாள். பையனுக்குப் பிடிக்க வேண்டுமல்லவா. கைதட்டல். பாட்டு. படுதா. முதல் பிராட்வே ஓட்டத்தில் மட்டும் 3,388 காட்சிகள். 3,388 தடவை அவள் தன்னை மாற்றிக்கொண்டாள். பெண்ணை இப்படிப் பார்க்கிற பார்வையைத்தான் ‘வேப்’ சிரித்துக்கொண்டே குத்தியது. கேள்வி கேட்டதற்கு ஒரு நோட்டீஸ். நீதிபதி லாரா டெய்லர் ஸ்வெயின் இரண்டு நாடகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இந்தக் கேலி இந்த இடத்தைக் குத்துகிறது என்று எழுத வேண்டியிருந்தது. ஜோக்கை விளக்கினால் செத்துப்போகும் என்பார்கள். இந்த ஜோக்கைச் சட்டப்படி பிரேதப் பரிசோதனை செய்துதான் உயிரோடு இருப்பதாகச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

இது தனி ஒரு நாடகத்தின் தலையெழுத்து என்று நினைத்தால் அதுவும் இல்லை. டாக்டர் சூஸின் ‘கிரிஞ்ச்’ என்ற குழந்தைகள் கதையில் வரும் சின்னஞ்சிறு பெண், வளர்ந்து நடுவயதாகி, வாழ்க்கையில் அடிபட்டுக் குடித்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும் என்று மேத்யூ லொம்பார்டோ ஒரு நாடகம் எழுதினார். ஒரே ஒரு நடிகை. பெயர் ‘ஹூஸ் ஹாலிடே’. 2016-இல் நோட்டீஸ். நாடகம் நின்றது. 2017-இல் நையாண்டிதான் என்று தீர்ப்பு. 2018-இல் மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு.

இன்னொன்று, ‘3சி’. டேவிட் அட்ஜ்மி எழுதியது. 2012-இல் நியூயார்க்கின் ஒரு சின்ன மேடையில் நடந்தது. ‘த்ரீஸ் கம்பெனி’ என்ற பழைய தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரை உரித்துக் காட்டும் நாடகம். நோட்டீஸ் வந்தது. புத்தகமாகப் போட வழியில்லை, வேறு மேடைக்குப் போக வழியில்லை. 2015-இல் நீதிமன்றம் சொன்னது: இதில் தப்பே இல்லை. ஒரு சின்னத் தகவலும் உண்டு. ‘த்ரீஸ் கம்பெனி’ என்பதே ‘மேன் அபவுட் தி ஹவுஸ்’ என்ற பிரிட்டிஷ் தொடரின் அமெரிக்க மறுபதிப்பு. காசு கொடுத்து வாங்கியதுதான், சரி. ஆனாலும் அடுத்தவர் வீட்டு மாவில் தோசை வார்த்தவர், தோசையின் புனிதத்தைப் பற்றிப் பேசும்போது நமக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். அதற்கும் அனுமதி வாங்க வேண்டுமோ என்னவோ.

மூன்று வழக்கு. மூன்றிலும் கேலி செய்தவர் ஜெயித்தார். மூன்றிலும் வருஷக்கணக்கில் வாய்தா. கோர்ட்டுக்குப் போனால் ஜெயித்தவன் தோற்றான், தோற்றவன் செத்தான் என்று நம்மூரில் சொல்வார்கள். இங்கே ஒரு திருத்தம். தோற்றவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் அடுத்த நோட்டீஸுக்குத் தாள் வாங்கிக்கொண்டிருக்கிறான். இவை கோர்ட்டுக்குப் போனவர்களின் கதை. போகத் துணிவில்லாமல் எழுதியதைக் கிழித்துப் போட்டவர்களுக்கு வழக்கு எண் கிடையாது.

நியாயமாகப் பேச வேண்டும். நையாண்டி என்று சொல்லிக்கொண்டு வருவதெல்லாம் நையாண்டி ஆகாது. ஏன், அந்தப் பெயரைக்கூடச் சொல்லாமல் சுருட்டியவர்கள் உண்டு. 2022 ஆகஸ்டில் டெக்சாஸின் மெக்ஆலன் நகரில் ஒரு தேவாலயம் ‘ஹாமில்டன்’ இசை நாடகத்தை அனுமதியில்லாமல் அப்படியே தூக்கி மேடையேற்றியது. நடுநடுவே ஏசுவைச் செருகியது. முடிவில் ஒரு பிரசங்கம், ஓரினச் சேர்க்கையாளர்களைப் பழித்து. இதில் கேலி எங்கே? அடுத்தவர் பந்தலில் தன் கடையை விரித்ததுதான் நடந்தது. பிடிபட்டதும் மன்னிப்பு, நஷ்டஈடு. சரியான முடிவு. திருட்டுக்கும் கேலிக்கும் வித்தியாசம் தெரிவதற்குச் சட்டப்படிப்பு வேண்டாம். கேலி செய்கிறவன் அசலைக் காட்டி உன்னைச் சிரிக்க வைக்கிறான். திருடுகிறவன் அசலை மறைக்கிறான், அல்லது அதன் முதுகில் சவாரி போகிறான்.

அதே ‘ஹாமில்டன்’ கதையில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2016-இல் அதன் உயர்வகை டிக்கெட் 849 டாலர் வரை போனது. அதே வருஷம் ஜெரார்டு அலெசாண்ட்ரினி ‘ஸ்பாமில்டன்’ என்று அதை வாரு வாரு என்று வாரினார். டிரையாட் என்ற சின்ன அரங்கில். ‘ஹாமில்டன்’ எழுதிய லின்-மேனுவல் மிராண்டா வந்து பார்த்தார், சிரித்தார், வாழ்த்தினார். 2019-இல் இஷ்மாயில் ரீட் இன்னும் காட்டமாக, அடிமை முறையை ‘ஹாமில்டன்’ பூசி மெழுகுகிறது என்று ஒரு நாடகமே போட்டார். நியூயோரிக்கன் பொயட்ஸ் கஃபேயில். வானம் இடிந்து விழுந்ததா? ‘ஹாமில்டன்’ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அலெசாண்ட்ரினி 1982-இலிருந்து இந்தத் தொழிலில்தான் இருக்கிறார். ‘ஃபர்பிடன் பிராட்வே’ என்று பிராட்வேயின் வெற்றிகளை ஒவ்வொன்றாகக் கேலி செய்யும் நிகழ்ச்சி. தொடங்கியது ஒரு சாப்பாட்டு விடுதியின் மேடையில். 2006-இல் டோனி விருதுக் குழுவே அவருக்குக் கௌரவ விருது கொடுத்தது. கேலி செய்ததற்கு விருது கொடுக்கும் அதே தொழில், கேலி செய்ததற்கு நோட்டீஸும் கொடுக்கிறது. எது கிடைக்கும் என்பது சிரிக்கிறவரின் நகைச்சுவையைப் பொறுத்ததா, உரிமைக்காரர் வக்கீலின் செரிமானத்தைப் பொறுத்ததா?

ஜனங்கள் பணமும் இதில் இருக்கிறது. நியூயார்க் மாநில அரசு 2021-இல் நாடகத் தயாரிப்புகளுக்கு வரிச்சலுகைத் திட்டம் தொடங்கியது. முதல் ஒதுக்கீடு 10 கோடி டாலர். பெரிய தயாரிப்பு ஒன்றுக்கு 30 லட்சம் டாலர் வரை. கொரோனாவில் நொந்துபோன தொழில், கைதூக்கி விட வேண்டும் என்றார்கள். தூக்கட்டும். பிறகு ஒதுக்கீட்டையும் ஏற்றினார்கள். ஏற்றட்டும். வரியாக ஒரு தடவை கட்டிவிட்டு, டிக்கெட்டாக இன்னொரு தடவை கட்டுகிற ஆசாமிக்கு, அந்தத் தொழிலைப் பார்த்துக் கொஞ்சம் சிரிக்கிற பாத்தியதை கூடவா கிடையாது?

இதெல்லாம் புதுசும் இல்லை. 1728-இல் லண்டனில் ஜான் கே எழுதிய ‘பெக்கர்ஸ் ஆபரா’ அரங்கேறியது. இத்தாலிய ஆபராவின் ஆடம்பரத்தைக் கேலி செய்தது. ராஜா ராணிகள் பாட வேண்டிய இடத்தில் திருடர்களும் விலைமாதர்களும் பாடினார்கள். மெட்டுகள் பெரும்பாலும் தெருவில் பாடிக்கொண்டிருந்தவை. 62 காட்சிகள் ஓடியது, அந்தக் காலத்துக்கு அது பெரிய சாதனை. பிரதமர் வால்போலுக்குத் தன்னைத்தான் திருடன் என்கிறார்கள் என்று புரிந்துவிட்டது. அடுத்து ஜான் கே எழுதிய ‘பாலி’க்கு மேடையே இல்லை. தடை. 1737-இல் நாடகத் தணிக்கைச் சட்டம். லண்டன் மேடையை விட்டு அந்தத் தணிக்கை போனது 1968-இல். 231 வருஷம்.

நாமும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து அடுத்தவன் ஊரைப் பார்த்துச் சிரிக்க முடியாது. எம்.ஆர்.ராதா ராமாயணத்தை மேடையில் வைத்து வாரியபோது, அவரை அடக்க 1954-இல் சட்டமே கொண்டுவந்த ஊர் இது. நாடகக்காரர் ஞாநி வழக்குப் போட்டு, 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்றது. 59 வருஷம். ராதா 1979-இலேயே போய்விட்டார். தீர்ப்பைப் படித்துவிட்டு அந்தக் குரலில் நாலு வார்த்தை சொல்ல ஆளில்லை. நம்மூரில் போலீஸ் வந்து நாடகத்தை நிறுத்தினார்கள். அங்கே நாகரிகம் அதிகம். தபாலில் நிறுத்துகிறார்கள்.

சரி, சின்ன மேடை கேலி நாடகம் போடலாமா? போட வேண்டும். அடுத்த வாரமே. நோட்டீஸ் வந்தால் அதைக் கிழிக்க வேண்டாம். முதல் காட்சியில், படுதா விலகியதும், ஒரு நடிகர் கறுப்புக் கோட்டு போட்டு நடுமேடைக்கு வந்து, அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசிக்கட்டும். நிறுத்தி நிதானமாக. 1,50,000 என்று வரும் இடத்தில் கொஞ்சம் இடைவெளி விடட்டும், 99 பேரும் சிரித்து முடிக்க வேண்டுமல்லவா. அந்த வாசகத்துக்கும் காப்புரிமை இருக்கிறது என்று இன்னொரு நோட்டீஸ் வரக்கூடும்.

அது இரண்டாம் காட்சி.