பொன்விழா மலருக்கு ஒரு வாழ்த்துரை

"குறை எதுவும் வேண்டாம்க்கா, நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க" என்று கேட்டிருக்கிறார் நமது மகளிர் மன்றத்தின் செயலாளர். நல்லதாகவே எழுதுகிறேன். மன்றத்தின் இறகுப்பந்துக் களத்தையும் நவராத்திரிக் கொலுவையும் வருடாந்திரக் கோலப் போட்டியையும் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். யாரும் கை வைக்காத ஒன்றை நான் எடுத்துக்கொள்கிறேன். அது நமது உறுப்பினர் வகைகளும் சந்தா விதிகளும்.

முதலில் அலுவலக அறையில் மாட்டியிருக்கும் கட்டணப் பலகை. தேக்குப் பலகை, கறுப்பு வண்ணம், அதன்மேல் வெள்ளை எழுத்து. எழுதிய ஓவியருக்கு என் வணக்கம். ஓர் எழுத்துகூட வரி தப்பவில்லை. புரவலர் 50,000 ரூபாய். ஆயுள் உறுப்பினர் 20,000. ஆண்டு உறுப்பினர் 3,600. இணை உறுப்பினர் 1,800. மாற்றலாகி வருகிறவர்களுக்குத் தற்காலிக உறுப்பினர் என்று மாதம் 500. கடைசியாகக் கௌரவ உறுப்பினர். அவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஒவ்வொரு வகைக்கும் ஒரு நிறத்தில் அட்டை. புரவலருக்குத் தங்க நிறம், ஆயுளுக்கு நீலம், இணைக்குப் பச்சை. விழா நாளில் யார் எங்கே உட்காருவது என்ற குழப்பம் நம் மன்றத்தில் வந்ததே இல்லை. அட்டையைப் பார்த்தால் நாற்காலி தெரிந்துவிடும். உறை போட்ட நாற்காலியா, உறை போடாததா என்பதும் தெரிந்துவிடும்.

மலருக்காகப் பழைய பீரோவைத் திறந்தபோது முதல் உறுப்பினர் நோட்டு கிடைத்தது. பள்ளிக்கூடத்து நாற்பது பக்க நோட்டு. மன்றத்தைத் தொடங்கியவர்கள் இரண்டு மூன்று ஆசிரியைகள், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த ஒருவர், மளிகைக் கடை வைத்திருந்த ஒருவர். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்றே பத்திகள்: பெயர், தெரு, 2 ரூபாய். அவ்வளவுதான். ஆசிரியைக்கும் 2 ரூபாய், மளிகைக் கடைக்காரருக்கும் 2 ரூபாய். அவர்களிடம் இருந்தது ஒரே வகை. நம்மிடம் ஆறு இருக்கின்றன. மன்றம் வளரவில்லை என்று சொல்லுகிறவர்கள் அந்த நோட்டையும் இந்தப் பலகையையும் அருகருகே வைத்துப் பார்க்கட்டும்.

கௌரவ உறுப்பினர் விஷயத்தில் நாம் காட்டும் சுறுசுறுப்பை மாவட்டத்தில் வேறு எந்த அமைப்பிடமும் நான் கண்டதில்லை. ஆட்சியரின் மனைவி, காவல் கண்காணிப்பாளரின் மனைவி, கோட்டாட்சியரின் மனைவி ஆகியோர் விண்ணப்பம் போட வேண்டியதில்லை. சந்தன மாலையோடு நாமே போய் அழைத்து வருகிறோம். அவர்கள் பெயரைத் தாங்கும் பலகைகளை மரச் சட்டத்தில் செருகி எடுக்கும்படி தச்சர் செய்து கொடுத்திருக்கிறார். அருமையான வேலை. மாற்றல் ஆணை வந்த மறுநாள் காலையில் பழைய பெயர் உருவப்பட்டுப் புதிய பெயர் செருகப்பட்டிருக்கும். போன ஆட்சியரின் மனைவி குழந்தைகளுக்குக் கதை சொல்லும் மணி நேரம் என்று ஒன்றை நூலகத்தில் தொடங்கினார். சனிக்கிழமை தவறாமல் தாமே வந்து தரையில் உட்கார்ந்து கதை சொன்னவர். பெயர்ப்பலகை போனதோடு அந்த மணி நேரமும் போய்விட்டது. ஊரை விட்டுப் போகும் முன்பு அவர், "ரிட்டயர் ஆனப்புறம் இங்கேயே வந்துடலாம்னு இருக்கோம், அப்போ நான் எந்த மெம்பர்?" என்று கேட்டார். விதியில் அதற்குத் தெளிவான பதில் இருந்தது: விண்ணப்பித்தால் பரிசீலிக்கப்படும்.

இப்போதைய உறுப்பினர் பதிவேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கெட்டி அட்டை, சிவப்புக் காலிகோ பைண்டு, கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். முதல் பத்தி கணவர் பெயர். இரண்டாவது பத்தி கணவரின் பதவி அல்லது தொழில். மூன்றாவது கார் எண். உறுப்பினரின் பெயர் நான்காவது. இதனால் அலுவலகத்துக்கு எத்தனை வசதி தெரியுமா? எந்த அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்பது ஒரு விரலோட்டத்தில் கிடைத்துவிடுகிறது. இந்த முறைக்கு நாட்டின் வரலாற்றிலேயே முன்னோடி உண்டு. 1951-52இல் நடந்த முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் எடுக்கப் போனபோது, வட மாநிலங்களில் ஏராளமான பெண்கள் சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்றே சொன்னார்கள். அப்போதைய தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. ஏறக்குறைய 28 லட்சம் பெண்களுக்கு அந்தத் தேர்தலில் ஓட்டு இல்லாமல் போனது. ஆணையம் சொந்தப் பெயர் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது. நம் பதிவேடு அந்தப் பிடிவாதம் பிடிக்கவில்லை. பெயர் எழுதும் இடம் காலியாக இருக்கும் வரிகள்கூட அதில் உண்டு. கார் எண் விடுபட்ட வரி ஒன்றுகூட இல்லை.

கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருக்கும் ஒருவர் சேர வந்தார். திருமணம் செய்துகொள்ளாதவர். முதல் இரண்டு பத்திகளிலும் எழுத அவரிடம் ஒன்றும் இல்லை. நம் நிர்வாகிகள் அவரை வெறுங்கையோடு அனுப்பவில்லை. கலந்து பேசி, அவருடைய அண்ணியின் பெயரில் இணை உறுப்பினராகச் சேரலாம் என்று வழி சொன்னார்கள். அண்ணியோ பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், மன்றத்தின் பக்கமே வராதவர். "இவங்க வர்றதுக்கு நான் எதுக்குங்க கையெழுத்துப் போடணும்? இவங்களுக்குத்தான் கையெழுத்துப் போடத் தெரியுமே" என்று கேட்டுவிட்டுப் போட்டுக் கொடுத்தார். பேராசிரியர் பிறகு வரவில்லை. ரோட்டரி உறுப்பினர்களின் மனைவியருக்காக 1924இல் மான்செஸ்டரில் தொடங்கிய இன்னர் வீல் சங்கம்கூட, கணவர் வழியாகத்தான் வர வேண்டும் என்ற நிபந்தனையைப் பிற்பாடு தளர்த்திக்கொண்டது. நாம் தளரவில்லை.

இனி விதி 11. என்னைக் கேட்டால் நம் துணைவிதிகளிலேயே சுருக்கமாகவும் தெளிவாகவும் எழுதப்பட்டது இதுதான். உறுப்பினரின் கணவர் காலமானால் அந்த உறுப்பினர் எந்த வகையினராக இருந்தாலும் இணை உறுப்பினராக மாற்றப்படுவார். சந்தாவில் பாதிச் சலுகை உண்டு. வாக்குரிமையும் பொறுப்புக்குப் போட்டியிடும் உரிமையும் இல்லை. ஒரு சொல்கூட வீணில்லை. ஆயுள் சந்தா என்று 20,000 ரூபாய் கட்டியவருக்கும் இதேதான். யாருக்கும் பாரபட்சம் கிடையாது.

தையல் வகுப்பு நடத்தும் அக்காவை ஊரில் எல்லோருக்கும் தெரியும். ரவிக்கை வெட்டத் தெரியாமல் வந்த எத்தனையோ பெண்கள் அவரிடம் கற்றுக்கொண்டு இன்று சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார்கள். அவருடைய வீட்டுக்காரர் தவறிப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அவர் முதல் தடவையாக மன்றத்துக்கு வந்த அன்று நானும் அலுவலக அறையில் இருந்தேன். எழுத்தர் எழுந்து நின்றார். நாற்காலியை இழுத்துப் போட்டார். காபி வரவழைத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து பச்சை அட்டையை எடுத்து வைத்தார்.

"விதிங்க அம்மா. தப்பா நெனச்சுக்காதீங்க. இனிமே சந்தா பாதிதாங்க."

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையின் இரண்டு பக்கத்தையும் படித்தார். கைப்பையிலிருந்து நீல அட்டையை எடுத்துக் கொடுத்தார். "தையல் ரூம் சாவி என்கிட்டயே இருக்கட்டுமா தம்பி?" என்று கேட்டார்.

"அது இருக்கட்டுங்க அம்மா. அதுக்கென்ன."

இதைவிட மரியாதையாக ஒரு காரியத்தைச் செய்ய முடியாது. அந்த எழுத்தரை நான் மனதாரப் பாராட்டுகிறேன். மன்றத்தின் பெருந்தன்மையையும் இங்கே பதிவு செய்கிறேன். சாவி அவரிடமே இருக்கிறது. காலை பத்து மணிக்கு வந்து திறக்கிறார், நாலு மணிக்குப் பூட்டுகிறார், ஊசி நூல் செலவைக் கைக்காசில் போடுகிறார். அவருடைய உழைப்புக்கு நம் விதிகள் எந்தத் தடையும் வைக்கவில்லை. அடுத்த பொதுக்குழுவில் பழக்கத்தில் அவரும் கை தூக்கினார். எண்ணிக்கொண்டு வந்தவர் அந்தக் கையை எண்ணவில்லை. எண்ணாமல் விட்டதைப் பக்கத்தில் இருந்தவர்கள்கூடக் கவனிக்காதபடி அத்தனை நாசூக்காகச் செய்தார். இதை எழுதும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. நாசூக்கு என்றால் அதுதான்.

நம் கூடத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் படம் இருக்கிறது. அதற்கு ஒரு நாளும் பூ தவறியதில்லை. அந்தப் பக்தியையும் சொல்ல வேண்டும். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் பெண் என்பதற்காகவே அவரைச் சேர்க்க எதிர்ப்பு எழுந்தது. அதைத் தாண்டிப் படித்து டாக்டரானவர். அவர் பாடுபட்ட இந்திய மாதர் சங்கம் 1917இல் அடையாற்றில் தொடங்கியது. மார்கரெட் கசின்ஸும் டோரதி ஜினராஜதாசாவும் அன்னி பெசன்டும் சேர்ந்து தொடங்கியது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் தூதுக்குழு ஒன்று சென்னையில் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகுவைச் சந்தித்து, ஆண்களுக்கு உள்ளதைப் போலவே எங்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று கேட்டது. 1921இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் கொடுத்தது. சொத்து உள்ளவர்களுக்கு மட்டும்தான் ஓட்டு என்ற காலம் அது. சொத்துக் கணக்குப் பார்க்காத ஓட்டு கிடைக்க அரசியல் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அத்தனை பேர் அத்தனை ஆண்டு கேட்டு வாங்கியதை மூன்று வரியில் திருப்பி வாங்கிக்கொள்ள முடியும் என்று காட்டியது நம் விதி 11. அந்த விதி தொங்கும் அறிவிப்புப் பலகை முத்துலட்சுமி அம்மையாரின் படத்துக்கு நேர் கீழே இருக்கிறது.

கணக்கு வழக்கில் நம் பொருளாளரை மிஞ்ச ஆள் இல்லை. சந்தா பாக்கி வைத்தவர்களின் பெயர் மூன்றாம் மாதமே சிவப்பு மையில் வெளியே வந்துவிடுகிறது. தணிக்கை அறிக்கை ஆண்டு தவறாமல் பதிவாளர் அலுவலகம் போய்ச் சேருகிறது. சொல்லிக்கொண்டே போகலாம்.

நமது சமூகப் பணியைச் சொல்லாமல் விட்டால் வாழ்த்துரை நிறைவு பெறாது. மன்றத்தைப் பெருக்கித் துடைக்கும் ஆயம்மா ஒரு சுய உதவிக் குழுவில் இருக்கிறார். 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கித் தமிழ்நாடு முழுக்கப் பரவிய அந்தக் குழுக்களைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பன்னிரண்டு பேரிலிருந்து இருபது பேர்வரை சேர்ந்து, ஆளுக்கு இவ்வளவு என்று ஒரே தொகை போட்டு, அதையே ஒருவருக்கொருவர் கடனாகக் கொடுத்துக்கொள்வார்கள். போன ஆண்டு அந்தக் குழுவுக்கு ஒரு தையல் மிஷின் கொடுத்தோம். நல்ல மிஷின், கால் மிதி உள்ளது. புகைப்படம் எடுக்கும்போது ஆயம்மாவை நடுவில் நிற்க வைத்தோம்.

அப்போது நம் தலைவி அன்பாக, "உங்க குழுவுல தலைவிக்கு எவ்வளவு சந்தா?" என்று கேட்டார்.

"எல்லாருக்கும் ஒண்ணுதானுங்கம்மா. தலைவிக்கு மட்டும் எதுக்குக் கூட? அவளும் எங்களாட்டம் வெளக்குமாறு பிடிக்கிறவதான்" என்றார் ஆயம்மா. வீட்டுக்காரர் இறந்துபோன பிறகு ஒருத்தி குழுவில் எப்படி இருப்பாள் என்று நான் கேட்டேன். என் கேள்வி அவருக்குப் புரியவில்லை. இரண்டாம் தடவை கேட்ட பிறகு, "அப்பத்தானுங்க அவளுக்குக் கொழுவே வேணும்" என்றார். முதலில் அவளுக்குத்தான் கடன் கொடுப்பார்களாம். அந்த ஆயம்மாவுக்கு நம் மன்றத்தின் ஆறு வகையில் ஒன்றுகூடப் பொருந்தாது. மிஷின் மட்டும் பொருந்தியது, அதைக் கொடுத்துவிட்டோம்.

ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம் என்கிறது 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். அந்த ஏழு பேரும் எப்படிப்பட்டவர்களாக இருக்க வேண்டும் என்று வகை பிரித்துச் சொல்லும் சிரமத்தைச் சட்டம் எடுத்துக்கொள்ளவில்லை. அந்தச் சிரமத்தை எடுத்துக்கொண்டது நாம்தான். எடுத்ததைக் கெட்டியாகவும் பிடித்திருக்கிறோம். விதி 11 எவ்வளவு பத்திரமானது என்பதை, அதைத் திருத்தச் சொல்லி மனுக் கொடுத்த பிறகுதான் நான் முழுதாக உணர்ந்தேன். துணைவிதியைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். தீர்மானத்துக்கு வாக்குரிமை உள்ளவர்கள் வாக்களிக்க வேண்டும். அந்த விதியால் பாதிக்கப்பட்ட ஒருவருக்கும் வாக்குரிமை இல்லை. தன்னை எதிர்க்கக்கூடிய எல்லோரையும் முன்கூட்டியே அவைக்கு வெளியே உட்கார வைத்துவிட்ட விதி அது. எழுதியவரின் மதிநுட்பத்துக்கு நான் தலைவணங்குகிறேன்.

வரும் பொதுக்குழுவில் அதை நீக்கும் தீர்மானத்தை நான் முன்மொழிகிறேன். என் வீட்டுக்காரர் நலமாக இருக்கிறார். என் நீல அட்டை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, ஆகவே முன்மொழிய எனக்கு உரிமை உண்டு. வழிமொழிய இன்னொருவர் வேண்டும். புரவலராகவோ ஆயுள் உறுப்பினராகவோ இருக்க வேண்டும் என்பது விதி 23. தீர்மானத்தின் நகலை எழுத்தரிடம் கொடுத்து வைத்திருக்கிறேன்; கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பு மாலை ஐந்து மணிக்குள் கையெழுத்துப் போட்டால் போதும்.