துவக்கைக் கவிழ்த்துப் பாருங்கள்

கேள்வி: எல்லயில் பழைய சாமான் விற்பவர் ஒருவரிடம் இரட்டைக்குழல் துவக்கு இருக்கிறது. மேஜர் ரோஜர்ஸ் யானை சுட்டது என்று சத்தியம் பண்ணுகிறார். நம்பலாமா?
– ஹோம்ஸ்டே நடத்துபவர், எல்ல

பதில்: அது நடுவில் மடிகிறதா? மடிந்தால் நம்பாதீர்கள். பதுளையில் அதிகாரியாக இருந்த ரோஜர்ஸ் 1845 ஜூன் 7ஆம் திகதி ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவர் காலத்து வெள்ளைக்காரர் குழல் வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டு இடித்துக்கொண்டிருந்தார்கள். மடித்துத் தோட்டா போடும் துவக்கு இங்கிலாந்தில் பரவியதே 1851 லண்டன் கண்காட்சிக்குப் பிறகுதான். ரோஜர்ஸ் 1,400 யானைக்கு மேல் கொன்றதாகச் சொல்வார்கள். அவர் பெயரில் விற்கும் துவக்கையெல்லாம் சுமக்க ஒரு யானையையாவது விட்டுவைத்திருக்க வேண்டும்.

கேள்வி: குதிரை வெளியே தெரியாத துவக்கு. 1860 மொடல் என்கிறார்களே?
– ஆசிரியர், ஹாலி-எல

பதில்: குதிரையை உள்ளே ஒளித்த அந்தப் பெட்டி அமைப்புக்கு வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் பட்டறையின் ஆன்சனும் டீலியும் காப்புரிமை வாங்கியது 1875இல். பிள்ளை பிறக்க 15 வருஷம் முன்னாலேயே பேர் வைத்துவிட்டார்கள்.

கேள்வி: குழலுக்கு நடுவில் ஓடும் பட்டையில் பெரிய லண்டன் கம்பெனிப் பெயர் வெட்டியிருக்கிறது. அது போதாதா?
– ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை, பசறை

பதில்: போதாது ஐயா. பெயர் வெட்ட ஓர் உளி போதும். சில நேரம் அது செய்தவர் பெயரே இல்லை, விற்ற கடையின் பெயர். முன்கட்டையைக் கழற்றி, குழலைத் தனியே எடுத்து, கவிழ்த்துப் பாருங்கள். தோட்டா போடும் பக்கத்தில் தட்டையாக இரண்டு இடம் இருக்கும். குழலைச் சுட்டுச் சோதித்து முத்திரை குத்தும் பரிசோதனைச் சாலையின் அடையாளங்கள் அங்கேதான் இருக்கும்.

முட்டை வட்டத்துக்குள் ஈ, எல், ஜி என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்துச் சரக்கு. அந்த வட்டத்தின் மேல் கிரீடமும் இருந்தால் 1893க்குப் பிந்தியது. மேலே லண்டன், கீழே லியேஜ் என்றால் யார் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பர்மிங்ஹாம் பரிசோதனைச் சாலை 1813இல் வந்தது. கிரீடத்துக்குக் கீழே பி.வி. என்றிருந்தால் 1904க்கு முன்னால் போக வழியில்லை. 'நாட் ஃபார் பால்' (தனிக்குண்டுக்கு அல்ல) என்று ஆங்கிலத்தில் குத்தியிருந்தால் 1875க்கும் 1887க்கும் இடைப்பட்டது. அழுத்தத்தை 'டன்' கணக்கில் குத்தியிருந்தால் 1954க்குப் பிறகு ஒரு தடவையாவது பரிசோதனைக்குப் போய் வந்திருக்கிறது.

அடுத்தது இலக்கம். குழல், உடல், முன்கட்டை இரும்பு மூன்றிலும் ஒரே இலக்கம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குழல் ஒரு வீட்டுப் பிள்ளை, உடல் இன்னொரு வீட்டுப் பிள்ளை. விலையையும் அப்படியே பிரித்துக் கேளுங்கள்.

கேள்வி: குழல் புதுசு மாதிரிக் கன்னங்கரேலென்று மின்னுகிறது. நன்றாகப் பராமரித்திருக்கிறார்கள், இல்லையா?
– வங்கி ஊழியர், பண்டாரவளை

பதில்: நூறு வயசுக் கிழவர் தலையில் ஒரு நரை இல்லை என்றால் என்ன நினைப்பீர்கள்? அந்தக் காலத்துக் கறுப்பு, துருவை மெல்ல ஏற்றித் தேய்த்து வந்தது, மங்கலாகத்தான் இருக்கும். இன்றைய பளபளப்புக்குச் சுடுகாரத் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். அந்தக் காரம் இரண்டு குழலையும் சேர்த்துப் பிடிக்கும் ஈயப் பற்றைத் தின்றுவிடும். குழலைக் கொக்கியில் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டுங்கள். கோயில் மணி போல நீண்டு ஒலித்தால் நல்லது. 'டப்' என்று நின்றால் பற்று விட்டிருக்கும்.

கூடவே வாய்ப் பக்கத்தையும் பாருங்கள். அசல் குழல்கள் இரண்டும் நுனியில் ஒட்டி நிற்கும். ஒருமுறை ஒருவர் என்னிடம் காட்டிய துவக்கில் இரண்டுக்கும் நடுவே பாக்கு வெட்டின தடிப்புக்கு இடைவெளி, அதில் ஈயம் அடைத்திருந்தது. யாரோ நுனியை அறுத்திருக்கிறார்கள். "குட்டையாகவே செய்ததுதான்" என்றார் அவர். நான் தேத்தண்ணீர் குடித்துவிட்டு எழும்பி வந்தேன்.

கேள்வி: குழலில் பாம்புச் சட்டை போல வரிவரியாக அழகான கோலம். சுட்டுப் பார்க்கலாமா?
– பெயர் வேண்டாம், வெலிமடை

பதில்: அது டமாஸ்கஸ் முறுக்கு. இரும்பையும் எஃகையும் சுற்றி அடித்துச் செய்தது. கரிமருந்துக்காகப் பிறந்த குழலில் இன்றைய தோட்டாவைப் போட்டால் விரல் போகும், கண்ணும் போகலாம். கோலத்தை அமிலத்தால் வரைந்து ஏமாற்றிய குழல்களும் உண்டு. சுவரில் மாட்டுவதென்றாலும் லைசன்ஸைப் பற்றி முதலில் விசாரியுங்கள்.

கேள்வி: தோட்டம் அரசுடைமையானபோது துரை ஊருக்குப் போகுமுன் தன் துவக்கைத் தாத்தாவிடம் கொடுத்தாராம். கடிதம் எதுவும் இல்லை. இப்போது விற்கலாமா?
– பேரன், தெமோதரை

பதில்: 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களில் எத்தனையோ துரைமார் போனார்கள். போகும்போது துவக்கைக் கொடுத்த கதை எல்லா லயத்திலும் இருக்கிறது. சம்பள பாக்கியைக் கொடுத்துவிட்டுப் போன கதையைத்தான் நான் இன்னும் கேட்கவில்லை.

விளையாட்டு போதும், தம்பி. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துவக்குச் சட்டப்படி லைசன்ஸ் ஆளுக்குத்தான்; வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். தாத்தாவுக்கே இருந்திருந்தாலும் அது உங்களுக்கு வராது. 2024 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சு, தற்காப்புக்கென்று லைசன்ஸ் கொடுத்த துவக்குகளையே ஒப்படைக்கச் சொன்னது. லைசன்ஸ் இல்லாததை வைத்திருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். விளம்பரம் போடுவதற்கு முன் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.

கேள்வி: போஞ்சித் தோட்டத்தில் காட்டுப்பன்றி. லண்டன் பர்டி கம்பெனியின் பழைய துவக்கு ஒன்று வாங்கினால் சரிவருமா?
– விவசாயி, ஊவா பரணகமை

பதில்: பன்றி முத்திரை பார்க்காது, அண்ணே. தகரத்தைத் தட்டுங்கள்.